அண்டர்மைன்: கோட்டைச் சுவருக்கு அடியில் பிறந்த வினைச்சொல்

ஆங்கிலச் செய்தித்தாளைத் தொடர்ந்து படிப்பவர்களின் கண்ணில் 'அண்டர்மைன்' என்ற வினைச்சொல் அடிக்கடி படும். நீதிமன்றத்தின் மீதுள்ள நம்பிக்கையை ஏதோ ஒன்று அண்டர்மைன் செய்யும், சமாதானப் பேச்சை இன்னொன்று அண்டர்மைன் செய்யும். தலையங்கம் எழுதுகிறவர்களுக்கு மிகப் பிடித்த சொல் இது. இப்போது அலுவலகப் பேச்சிலும் நுழைந்துவிட்டது: "எங்க டீம் லீட் எல்லார் முன்னாடியும் என்னை அண்டர்மைன் பண்றார்."

கேட்கிறவர்களுக்கு ஏறக்குறையப் புரிந்துவிடுகிறது, ஏதோ கெடுக்கிறார், மட்டம் தட்டுகிறார் என்று. ஆனால் கெடுப்பதற்கும் மட்டம் தட்டுவதற்கும் ஆங்கிலத்தில் வேறு சொற்கள் நிறைய இருக்கின்றன. இந்தச் சொல்லுக்கென்று தனியான வேலை ஒன்று உண்டு. அது என்ன என்பதை அகராதியின் ஒரு வரிப் பொருளிலிருந்து பிடிப்பது கடினம். அந்தக் காலப் போர்முறையிலிருந்து பிடிப்பது எளிது.

முதலில் ஒரு பொதுவான குழப்பத்தைத் தள்ளி வைத்துவிடலாம். 'அண்டர்' என்று தொடங்குவதால் பலர் இதை 'அண்டர்எஸ்டிமேட்' என்பதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். அது குறைத்து மதிப்பிடுவது. ஒருவரை நீங்கள் குறைத்து மதிப்பிட்டால் தவறு உங்கள் மனக்கணக்கில் இருக்கிறது. அவருக்கு ஒன்றும் ஆவதில்லை. பெரும்பாலும் கடைசியில் ஏமாந்து நிற்பது நீங்களாகத்தான் இருக்கும். அண்டர்மைன் அப்படி இல்லை. அங்கே எதிராளியின் காலுக்குக் கீழே உண்மையாகவே ஏதோ பலவீனமாகிறது.

சொல்லைப் பிரித்தால் இரண்டு துண்டு. 'அண்டர்' என்றால் கீழே. 'மைன்' என்றால் சுரங்கம். இங்கே வினையாக, தோண்டு என்று பொருள். ('என்னுடையது' என்ற பொருளில் வரும் 'மைன்' வேறு வம்சம், இதற்கும் அதற்கும் உறவில்லை.) தோண்டுகிற மைன் பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சுக்கு அது ஐரோப்பாவின் பழைய கெல்ட்டிய மொழிகளிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது பொதுவான கருத்து. வெல்ஷ், ஐரிஷ் மொழிகளில் கனிமத்தைக் குறிக்கும் இனச்சொற்கள் இன்றும் உள்ளன. நாம் காசு கொடுத்து வாங்கும் மினரல் வாட்டரில் இருக்கிற 'மினரல்' கூட இந்தக் குடும்பம்தான்.

பிரெஞ்சுச் சொல் வருவதற்கு முன்னால் பழைய ஆங்கிலத்தில் இதே செயலுக்கு 'அண்டர்டெல்ஃபன்' என்று ஒரு சொல் இருந்தது. கீழே தோண்டுதல் என்றே அதற்கும் பொருள். இன்றைய 'டெல்வ்' அதன் பாதி. கி.பி. 1300 வாக்கில் புதிய வடிவம் எழுத்தில் வரத் தொடங்கியது. அந்த இடத்தில் அது உவமையோ உருவகமோ அல்ல, நேரடியான தொழிற்சொல். கோட்டையை முற்றுகை இட்டவர்கள் மதிலுக்கு அடியில் தோண்டினார்கள். அந்த வேலையின் பெயர்தான் அண்டர்மைன்.

பன்றிக் கொழுப்பில் சாய்ந்த கோபுரம்

நாலு ஆள் உயரத்துக்கும் மேல் எழுந்து நிற்கும், பல அடி கனமான கல் மதில். அதன் மேல் வில்லாளிகள். ஏணி வைத்து ஏறினால் சாவு. கல் எறியும் பொறிகளால் அடித்தால் மதிலின் முகம் பெயரும், மதில் நிற்கும். மதிலைத் தள்ள முடியாது. ஆனால் மதில் எதன் மேல் நிற்கிறதோ அதை எடுத்துவிடலாம்.

எப்படி என்றால், முற்றுகையிட்டவர்கள் தொலைவில், கோட்டைக்காரர்களின் அம்பு எட்டாத அல்லது பார்வை படாத இடத்தில் ஒரு வாயைத் திறப்பார்கள். அங்கிருந்து நிலத்துக்கு அடியில் மதிலை நோக்கிச் சுரங்கம் போகும். மதிலின் அடித்தளத்தை அடைந்ததும் அங்கே அகலமாகக் குடைவார்கள். இப்போது மேலே இருக்கும் மதில் தோண்டுகிறவர்கள் தலையிலேயே விழுந்துவிடும் அல்லவா? விழாமல் இருக்க, மண்ணை எடுக்க எடுக்க மரக்கட்டைகளை முட்டுக் கொடுத்துக்கொண்டே போவார்கள். ஒரு கட்டத்தில் அந்த மதிலைத் தாங்கி நிற்பது பூமி அல்ல, எதிரி வைத்த மரம். மேலே காவல் நிற்பவனுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அப்புறம் அந்தக் குடைவில் சுள்ளியையும் விறகையும் கொழுப்பையும் திணித்து நெருப்பு வைத்துவிட்டு எல்லாரும் வெளியே ஓடிவிடுவார்கள். முட்டு மரங்கள் எரியும். மதில் தன் எடையாலேயே கீழே இறங்கும்.

இதற்கு மிகத் தெளிவான சாட்சி இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் இருக்கும் ராச்செஸ்டர் கோட்டை. 1215ஆம் ஆண்டு ஜூனில் மன்னர் ஜான் பிரபுக்களின் நெருக்கடியில் மாக்னா கார்ட்டாவுக்கு ஒப்புதல் கொடுத்தார். சில மாதங்களில் அந்த ஒப்பந்தம் முறிந்து உள்நாட்டுப் போர் வெடித்தது. கலகப் பிரபுக்களின் படை ஒன்று ராச்செஸ்டரைப் பிடித்துக்கொண்டது. லண்டனுக்குப் போகும் சாலையில் இருந்த கோட்டை அது, விட்டுவைக்க முடியாது. அக்டோபரில் மன்னரே வந்து முற்றுகை போட்டார். கேன்டர்பரி நகரத்துக்கு அவர் அனுப்பிய ஆணை ஒன்று இருக்கிறது: இரவு பகல் பாராமல் கடப்பாறைக் கோடரிகள் செய்து அனுப்புங்கள் என்று. கல்லெறி பொறிகள் ஓயாமல் வேலை செய்தும் நடுவில் இருந்த பெரும் கோபுரம் அசையவில்லை. ஏறத்தாழ 34 மீட்டர் உயரம், சில இடங்களில் மூன்று மீட்டருக்கும் மேல் கனமான சுவர், எப்படி அசையும்?

தோண்டுகிறவர்கள் அதன் தென்கிழக்கு மூலைக்கு அடியில் போனார்கள். நவம்பர் 25ஆம் தேதி மன்னர் தன் தலைமை அதிகாரி ஹியூபர்ட் டி பர்குக்கு எழுதிய கடிதம் ஆவணமாக நிற்கிறது. சாப்பிடுவதற்கு அவ்வளவு நன்றாக இல்லாத, ஆனால் நன்றாகக் கொழுத்த 40 பன்றிகளை உடனடியாக அனுப்பு, கோபுரத்துக்கு அடியில் நெருப்பு வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல இறைச்சியை வீணாக்கக் கூடாது என்ற சிக்கனம் போர்க்களத்திலும் இருந்திருக்கிறது. முட்டுகள் எரிந்தன, கோபுரத்தின் ஒரு மூலை முழுசாகச் சரிந்தது.

அதோடு கோட்டை விழுந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கோபுரத்துக்கு நடுவே ஒரு குறுக்குச் சுவர் இருந்தது. உள்ளே இருந்தவர்கள் அதற்குப் பின்னால் போய் நின்றுகொண்டு போரைத் தொடர்ந்தார்கள். குதிரைகளைத் தின்னும் நிலை வந்து, நவம்பர் 30ஆம் தேதி பசிதான் அவர்களைப் பணிய வைத்தது. இதற்கப்புறம் கோட்டைகளை நம்பச் சிலரே முன்வந்தார்கள் என்று அக்காலக் குறிப்பாசிரியர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். சரிந்த மூலையைப் பின்னால் திரும்பக் கட்டியபோது சதுரமாகக் கட்டாமல் வட்டமாகக் கட்டினார்கள். மற்ற மூன்று மூலைகளும் பழைய சதுரம், இது ஒன்று மட்டும் உருண்டை. இன்றைக்குப் போனாலும் பார்க்கலாம். நீட்டிக்கொண்டிருக்கும் கூர் மூலைக்கு அடியில் தோண்டுவது சுலபம். உருண்டைச் சுவர் அப்படிச் சட்டென்று பெயராது. நீர் நிறைந்த அகழியும் ஒரு தடுப்புதான். அதற்கு அடியில் தோண்டினால் சுரங்கத்துக்குள் தண்ணீர் வந்துவிடும்.

கீழே தோண்டுகிறவனைக் கண்டுபிடிப்பது எப்படி

இந்த வேலையின் முழு பலமும் அது தெரியாமல் நடப்பதில் இருந்தது. ஆகவே மதிலுக்கு உள்ளே இருப்பவர்கள் காதை நம்பினார்கள். தரையில் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அது நடுங்குகிறதா என்று பார்ப்பது ஒரு வழி. இன்னும் பழைய கதை ஒன்றை கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்கிறார். கி.மு. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில், இன்றைய லிபியாவில் இருந்த பார்க்கா நகரத்தை பாரசீகர்கள் முற்றுகையிட்டு மதிலுக்கு அடியில் தோண்டினார்கள். நகரத்துக்குள் இருந்த ஒரு கன்னார் ஒரு வெண்கலக் கேடயத்தை எடுத்துக்கொண்டு மதிலின் உட்புறம் நெடுக நடந்து, அதைத் தரையில் வைத்து வைத்துப் பார்த்தார். சில இடங்களில் சத்தமே இல்லை. கீழே தோண்டிய இடங்களில் மட்டும் வெண்கலம் அதிர்ந்து ஒலித்தது. அங்கெல்லாம் நகரத்தார் எதிர்ச் சுரங்கம் தோண்டி இறங்கி, உள்ளே இருந்த பாரசீகர்களைக் கொன்றார்கள்.

எதிர்ச் சுரங்கத்துக்கு ஆங்கிலத்தில் 'கவுண்டர்மைன்' என்று பெயர். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கோட்டையில் 1546-47 முற்றுகையின்போது தோண்டிய சுரங்கமும் எதிர்ச் சுரங்கமும் அப்படியே இருக்கின்றன, குனிந்து இறங்கிப் போய்ப் பார்க்கலாம். வெளியிலிருந்து வந்தது ஆள் நிமிர்ந்து நடக்கும் அளவுக்கு அகலம். உள்ளிருந்து போனது குறுகல், கோணல், வளைவு. சத்தத்தை வைத்துத் திசையை ஊகித்துப் பாறையைக் குடைந்தவர்கள் இடையில் தவறான பக்கம் போய், விட்டுவிட்டுத் திரும்பவும் வேறு பக்கம் தொடங்கிய தடயங்களும் அங்கேயே தெரிகின்றன. கடைசியில் எதிரியின் சுரங்கத்துக்குள் உடைத்து நுழைந்துவிட்டார்கள்.

வெடிமருந்து வந்ததும் மர முட்டும் நெருப்பும் தேவையில்லாமல் போயின. சுரங்கத்தின் முனையில் வெடிமருந்தை நிரப்பித் திரி வைத்தால் போதும். அந்த வெடிக்கும் 'மைன்' என்றே பெயர் ஒட்டிக்கொண்டது. பின்னால் சுரங்கமே இல்லாமல் தரையில் புதைத்து வைக்கும் வெடிக்கும், கடலில் மிதக்க விடும் வெடிக்கும்கூட அதே பெயர். கண்ணிவெடிக்கும் நிலக்கரிச் சுரங்கத்துக்கும் ஆங்கிலத்தில் ஏன் ஒரே சொல் என்று பள்ளியில் யாராவது கேட்டால், சொல்ல வேண்டிய விடை இதுதான்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1864இல் வர்ஜீனியாவின் பீட்டர்ஸ்பர்க் நகருக்கு வெளியே நடந்தது இந்த வேலையின் பலத்தையும் பலவீனத்தையும் ஒரே காலைப் பொழுதில் காட்டியது. வடக்குப் படையில் பென்சில்வேனியாவின் நிலக்கரிப் பகுதியிலிருந்து வந்த ஒரு ரெஜிமென்ட் இருந்தது. அதன் தளபதி ஹென்றி பிளெசன்ட்ஸ் சுரங்கப் பொறியாளர். எதிரியின் அரணுக்கு அடியில் 150 மீட்டருக்கும் கொஞ்சம் கூடுதலான சுரங்கம் தோண்டுகிறேன் என்றார். அவ்வளவு நீளத்துக்குக் காற்று போகாது என்று ராணுவப் பொறியாளர்கள் சிரித்தார்கள். அவர் சுரங்கத்துக்குள் ஒரு புகைபோக்கியில் தீ மூட்டிப் பழைய காற்றை மேலே இழுக்க வைத்து, மரக் குழாய் வழியாகப் புதுக் காற்றை உள்ளே வரச் செய்தார். 8,000 பவுண்டு வெடிமருந்து, அதாவது சுமார் மூன்றரை டன், உள்ளே போனது. ஜூலை 30 அதிகாலை திரி பற்றவைத்தும் வெடிக்கவில்லை. இரண்டு பேர் உள்ளே ஊர்ந்து போய், அணைந்திருந்த இடத்தில் மறுபடி பற்றவைத்துவிட்டு வந்தார்கள். 4.44க்கு அரண் வானத்தில் பறந்தது.

அடுத்து என்ன செய்வது என்று சரியாகச் சொல்லிக் கொடுக்கப்படாத படைகள் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போவதற்குப் பதிலாகப் பள்ளத்துக்குள்ளேயே இறங்கின. ஏற முடியவில்லை. மேலே திரண்ட தெற்குப் படையினர் சுட்டுத் தள்ளினார்கள். தோண்டிய தரப்புக்குத்தான் இழப்பு அதிகம், கொல்லப்பட்டவர்கள், காயம்பட்டவர்கள், பிடிபட்டவர்கள் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 3,800 பேர்.

இந்தத் தொழிலின் உச்சம் முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் மெசீன்ஸ் மேட்டில். 1917 ஜூன் 7, அதிகாலை 3.10க்கு ஜெர்மன் வரிசைக்கு அடியில் 19 வெடிகள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வெடித்தன. மொத்தம் 400 டன்னுக்கு மேல் வெடிமருந்து. தோண்டியவர்களில் பலர் இங்கிலாந்து நகரங்களில் சாக்கடைச் சுரங்கம் வெட்டிப் பழகியவர்கள். மண்வெட்டியை ஓங்கி வெட்டினால் சத்தம் கேட்கும் என்பதால், சாய்வான பலகையில் மல்லாந்து படுத்துக் காலால் மண்வாரியை உதைத்துக் களிமண்ணை ஓசையில்லாமல் சீவினார்கள். வெளியே வந்த களிமண்ணின் நிறம் மேல்மண்ணிலிருந்து வேறாக இருந்ததால், விமானத்திலிருந்து தெரிந்துவிடக் கூடாதென்று அதை மறைப்பதே தனி வேலை. புதைத்தும் அன்று வெடிக்காமல் விடப்பட்ட வெடிகளில் ஒன்று 1955இல் இடி மின்னலில் வெடித்து ஒரு மாட்டைக் கொன்றது.

சுரங்கத்திலிருந்து மனசுக்கு

உருவகப் பொருள் வருவதற்கு வெடிமருந்துக் காலம் வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மதில் அல்லாத பொருள்களுக்கும் அண்டர்மைன் பயன்பட ஆரம்பித்துவிட்டது. ஆகவே இந்தச் சொல்லின் உள்ளே இருக்கும் படம் வெடியின் படம் அல்ல. மர முட்டும் மெல்லிய தோண்டலுமான பழைய படம். இதை நினைவில் வைத்துக்கொண்டால் சொல்லை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக் கூடாது என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும்.

அந்தப் படத்தில் தாக்கப்படுவது மதிலின் முகம் அல்ல, அதைத் தாங்கி நிற்கும் அடி. அதனால்தான் ஆங்கிலத்தில் இந்த வினைக்கு அடுத்து வரும் சொற்கள் பெரும்பாலும் தாங்குகிற சொற்களாக இருக்கும்: நம்பிக்கை, அதிகாரம், நம்பகத்தன்மை, தன்னம்பிக்கை, நியாயம், ஒற்றுமை. ஒரு ஜன்னலை யாரும் அண்டர்மைன் செய்வதில்லை. ஒரு மனிதரை அண்டர்மைன் செய்கிறார் என்றால்கூட, அவர் நிற்கிற இடத்தை, அவர் சொல்லுக்கு இருக்கும் மதிப்பை என்று பொருள். அவரைத் திட்டுவதோ அடிப்பதோ அல்ல.

அடுத்தது வேகம். ஒரே அடியில் நடப்பதற்கு இந்தச் சொல் பொருந்துவது அரிது. மேலாளர் உங்களை வேலையை விட்டு நீக்கினால் அது நீக்கம், அவ்வளவுதான். நீங்கள் எடுத்த முடிவை ஒவ்வொரு முறையும் உங்களிடம் சொல்லாமல் மாற்றி, உங்கள் கீழே வேலை செய்பவர்களிடம் நேரடியாகப் பேசி, மூன்று மாதத்தில் அவர்கள் உங்களைக் கேட்காமலேயே இயங்கும்படி ஆக்கினால், அது அண்டர்மைன். பதவி அப்படியே இருக்கிறது, பெயர்ப் பலகை அப்படியே இருக்கிறது. உங்கள் பேச்சு மட்டும் செல்லாது.

வீட்டில் இதற்கு எல்லாருக்கும் தெரிந்த உதாரணம் உண்டு. பரீட்சை முடியும் வரை போன் கிடையாது என்று அம்மா சொல்லிவிடுகிறார். அப்பா "அம்மாகிட்ட சொல்லாதே" என்று அரை மணி நேரம் கொடுக்கிறார். அப்பாவுக்கு அம்மா மேல் எந்தக் கோபமும் இல்லை, பிள்ளை மேல் பாசம், அவ்வளவே. ஆனால் அடுத்த முறை அம்மா 'கூடாது' என்று சொன்னால் அதற்கு எடை இருக்காது. குழந்தை வளர்ப்பு பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இதற்கு எப்போதும் பயன்படுத்தும் வினை இதுதான்.

மறைவு என்ற அம்சம் மட்டும் இன்றைய வழக்கில் கொஞ்சம் தளர்ந்துவிட்டது. தலைமையாசிரியர் வகுப்புக்கு நடுவே வந்து, மாணவர்கள் பார்க்க ஆசிரியரைக் கடிந்துகொள்கிறார். எல்லாம் வெளிப்படைதான். ஆனாலும் அதை அண்டர்மைன் என்றே சொல்வார்கள். கடிந்துகொண்டது கண்ணுக்குத் தெரிகிறது. மாணவர் மனசில் அந்த ஆசிரியர் மேல் இருந்த மரியாதை கழன்றது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. அந்த இரண்டாவது நிகழ்ச்சிக்குத்தான் இந்தப் பெயர்.

வாதங்களைப் பற்றிப் பேசும்போதும் இந்த வேறுபாடு உதவும். உங்கள் வாதம் தவறு என்று நேராக நிரூபித்தால் அதற்கு 'ரெஃப்யூட்' என்ற சொல் இருக்கிறது. வாதத்தைத் தொடாமல், அது நம்பியிருக்கும் புள்ளிவிவரம் சரியில்லை என்றோ சாட்சிக்கு அந்த நேரத்தில் கண் தெரிந்திருக்காது என்றோ காட்டினால், அது அண்டர்மைன். நீதிமன்றக் குறுக்கு விசாரணையில் வக்கீல்கள் செய்வது பெரும்பாலும் இரண்டாவது வேலை.

யாராவது திட்டமிட்டுச் செய்ய வேண்டுமா? வேண்டியதில்லை. இதுதான் தமிழர்களுக்குச் சட்டென்று பிடிபடாத இடம் என்று நினைக்கிறேன். ராச்செஸ்டரில் தோண்டியவர்களுக்கு நோக்கம் இருந்தது. ஆனால் தொடர்ந்த காய்ச்சல் உடல்நலத்தை அண்டர்மைன் செய்யலாம், மழை சாலையை அண்டர்மைன் செய்யலாம். கட்டடப் பொறியாளர்கள் இன்றும் இதை அதன் மண்ணோடு ஒட்டிய பழைய பொருளிலேயே பயன்படுத்துகிறார்கள். ஆற்றுப் பாலத்தின் தூணைச் சுற்றி வெள்ளம் சுழலும்போது தூணின் அடியில் இருக்கும் மணல் அரித்துக்கொண்டு போகும். மேலிருந்து பார்த்தால் பாலம் கம்பீரமாக நிற்கும். 1928இல் கட்டிய திருச்சி கொள்ளிடம் பழைய பாலத்தின் தூண்கள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சாய்ந்து விழுந்ததைப் பலர் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள். ஆற்றுக்கு எந்த விரோதமும் கிடையாது. வினைச்சொல் மட்டும் அதேதான்.

உறவுக்காரச் சொற்கள், முக்கியமாக ஒன்று

இதே அர்த்தச் சூழலில் இன்னும் சில வினைகள் உலவுகின்றன. 'சப்வர்ட்' லத்தீன், கீழிருந்து புரட்டுவது. அரசு, சட்டம், அரசியலமைப்பு போன்ற பெரிய அமைப்புகளோடு வரும். 'சபட்டாஜ்' பிரெஞ்சு, திட்டமிட்டு வேலையைக் கெடுப்பது. கோபம் கொண்ட தொழிலாளிகள் 'சபோ' என்ற மரச் செருப்பை இயந்திரத்துக்குள் வீசியதால் இந்தப் பெயர் வந்ததாக ஒரு சுவையான கதை சுற்றுகிறது. அதற்கு ஆதாரம் இல்லை. மரச் செருப்போடு தடதடவென்று நடப்பது, அதிலிருந்து ஏனோதானோவென்று வேலை செய்வது என்ற பொருள்தான் பிரெஞ்சில் முதலில் இருந்தது. சபட்டாஜுக்கு நோக்கம் கட்டாயம். தற்செயலாக யாரும் சபட்டாஜ் செய்ய முடியாது.

நான் அதிக நேரம் நிற்க விரும்புவது 'சாப்' என்ற சின்னச் சொல்லில். வெயில் என் சக்தியை சாப் செய்துவிட்டது என்பார்கள். செடியின் உள்ளே ஓடும் சாற்றுக்கும் ஆங்கிலத்தில் 'சாப்' என்றே பெயர். அதனால் சாற்றை உறிஞ்சுவது போல் பலத்தை உறிஞ்சுவது என்று பலரும் பொருள் கொள்கிறார்கள், ஆங்கிலம் தாய்மொழியாகக் கொண்டவர்கள் உட்பட. இரண்டும் வேறு வேறு சொற்கள். செடிச் சாறு பழைய ஆங்கிலம். பலத்தைக் குறைக்கும் சாப் பிரெஞ்சு வழியாக வந்தது, அதன் வேர் இத்தாலிய மொழியின் 'சாப்பா'. சாப்பா என்றால் மண்வெட்டி. கோட்டையை நோக்கி எதிரியின் குண்டு படாமல் மறைவாக வெட்டிக்கொண்டு போகும் பதுங்கு குழிக்கு சாப் என்று பெயர். நேராக வெட்டினால் கோட்டையிலிருந்து நெடுகச் சுட்டுவிடுவார்கள் என்று கோணல் மாணலாக வெட்டிக்கொண்டு போவார்கள். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பொறியாளர் வோபான் இதை ஒரு கணக்கு முறையாகவே ஆக்கினார். அண்டர்மைனும் சாப்பும் ஒரே முற்றுகையில் வேலை பார்த்த இரண்டு கூலியாட்கள்.

அந்தக் குழி வெட்டுகிறவர்தான் 'சாப்பர்'. இந்த இடத்தில் கதை நம் ஊருக்கு வருகிறது. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பெயரை ராணுவக் குடும்பங்களில் கேட்டிருப்பீர்கள். 1780இல் மெட்ராஸ் பயனியர்கள் என்று தொடங்கப்பட்ட இந்தப் படைப்பிரிவு 1831இல் 'சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்' ஆனது. மண்வெட்டிக்காரர்களும் சுரங்கக்காரர்களும், இரண்டு சொற்களும் ஒரே பெயர்ப் பலகையில். இன்று அதன் அதிகாரப்பூர்வப் பெயர் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், தலைமையகம் பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில். அந்தப் படை வீரர்களை ராணுவம் முழுக்க 'தம்பி' என்றே அழைக்கிறார்கள், தமிழ்ச் சொல்லாகவே. முள்வேலியை வெடித்து வழி திறக்க உலகப் போர்களில் பயன்பட்ட 'பெங்களூர் டார்பிடோ' என்ற நீளக் குழாய் வெடியும் 1912இல் இந்தப் பிரிவின் அதிகாரி ஒருவர் அங்கே உருவாக்கியதுதான்.

தமிழில் எப்படிச் சொல்வது

உடனே வாயில் வருவது 'குழி பறித்தல்'. அதுவும் தோண்டல், அதுவும் மறைவு. ஆனால் அது ஒருவர் வந்து விழுவதற்கு வெட்டுகிற குழி, நிற்கிறதன் அடியில் வெட்டுகிற சுரங்கம் அல்ல. அதோடு குழி பறித்தலில் துரோகம் கட்டாயம். கூட இருந்தே குழி பறித்தான் என்போம். மழை சாலைக்குக் குழி பறித்தது என்று யாரும் சொல்ல மாட்டோம். அந்த அப்பா அம்மாவுக்குக் குழி பறித்தார் என்றால் கேட்கிறவர் திடுக்கிடுவார். ஆகவே சக ஊழியர் திட்டமிட்டுச் செய்கிற சதிக்குக் குழி பறித்தல் கனகச்சிதம். நோக்கமில்லாத இடத்தில் 'அரித்தல்' நல்ல சொல்: நம்பிக்கையை அரிக்கிறது, உடல்நலத்தை அரிக்கிறது. மேலே முழுசாக இருந்து உள்ளே காலியாவதற்கு 'செல்லரித்தல்' இருக்கிறது. நிறுவனங்களைப் பற்றி எழுதும்போது 'ஆட்டங்காண வைக்கிறது', 'அடித்தளத்தைத் தகர்க்கிறது' என்று எழுதலாம், இரண்டாவது கொஞ்சம் உரத்த குரல். மொழிபெயர்ப்புச் செய்திகளில் அடிக்கடி பார்க்கும் 'குறைமதிப்பிற்கு உட்படுத்துகிறது' என்ற தொடரைத் தயவுசெய்து விட்டுவிடலாம். அது பழைய அண்டர்எஸ்டிமேட் குழப்பம் புது வேட்டி கட்டிக்கொண்டு வருவது.

சுரங்கம் என்ற நம் சொல்லுக்கும் ஒரு பயணம் இருக்கிறது. சமஸ்கிருதத்தில் 'சுருங்கா', கோட்டைக்கு அடியில் வெட்டும் வழியையும் குறிக்கும், அர்த்தசாஸ்திரத்தில் வருகிறது. அது கிரேக்கத்தின் 'சிரிங்ஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்று மொழியியல் அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். சிரிங்ஸ் என்றால் குழல், குழாய், முற்றுகைச் சுரங்கமும்தான். சிலப்பதிகாரத்தில் மதுரைக்குள் கோவலன் நுழையும் இடத்தில் யானைகள் போய்வரும் 'சுருங்கை வீதி' வருகிறதே, அந்தச் சுருங்கையும் இந்த உறவுதான். மருத்துவமனையில் நர்ஸ் கையில் இருக்கும் சிரிஞ்சும் அதே கிரேக்கக் குழலிலிருந்து கிளைத்தது.

கடைசியாக உச்சரிப்பு. அழுத்தம் 'அண்டர்' மேல் இல்லை, 'மைன்' மேல். இறந்தகாலம் 'அண்டர்மைண்ட்'. அதைக் காதால் மட்டும் கேட்டு மனதைக் குறிக்கும் 'மைண்ட்' என்று நினைத்து எழுத்துப்பிழை செய்பவர்கள் உண்டு. கடைசியில் டி இருப்பது இறந்தகால விகுதிக்காக, மனதுக்காக அல்ல. இந்த வினை செயப்படுபொருளை நேராக எடுத்துக்கொள்ளும், நடுவில் வேறு முன்னிடைச்சொல் எதுவும் வேண்டாம். 'அண்டர்மைனிங்' என்ற வடிவத்தை வினையாகவும், நடந்துகொண்டிருக்கும் அந்த அரிப்பின் பெயராகவும் பயன்படுத்தலாம்.